மோட்டார் எத்தனை நேரம் ஓடணும்?

குன்னூர்
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புக் கண்ணுக்கு,

நீ போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன அட்டவணை அது. "தினமும் 2 மணி நேரம் தண்ணீர், வாரம் இரண்டு தடவை ஆல் 19 உரம்." நடவு முதல் அறுவடை வரை இதே ஒரு வரிதான். இப்படியே விடலாமா அத்தை என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். போனில் சொன்னால் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடும், மீதி எண்களை நீ மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மோட்டார் ரூம் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் உன் குழாய் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று தெரிய வேண்டும். நாலடிப் பாத்தி, பாத்திக்கு இரண்டு வரிசைச் செடி, நடுவில் ஒரு லேட்டரல் என்று சொன்னாய். 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 2 லிட்டர். அப்படியென்றால் ஏக்கருக்கு சுமார் 3,370 மீட்டர் குழாய், 8,400 டிரிப்பர். மணிக்கு ஏறத்தாழ 16,800 லிட்டர். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் சொச்சம். ஆக, உன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு மில்லிமீட்டர் மழை பெய்த கணக்கு. அட்டவணை சொல்லும் 2 மணி நேரம் என்றால் தினமும் எட்டு மில்லிமீட்டர்.

இப்போது செடிக்கு எவ்வளவு வேண்டும் என்று பார். ஆவிமானித் தட்டில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டில் குறைவதில் முக்கால் பங்குதான் புல் மூடிய தரையிலிருந்து போகும், அது 3.75. உன் செடி இப்போதுதான் தலை காட்டியிருக்கிறது. இந்தப் பருவத்தில் உருளைக்கு அதில் பாதி போதும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கையேட்டில் இந்தப் பெருக்கெண் தொடக்கத்தில் 0.5, இலை மூடிய பிறகு 1.15, முதிரும்போது 0.75 என்று இருக்கிறது. நான் வேலையில் இருந்தவரை இந்த மூன்று எண்களை வைத்துத்தான் ஓட்டினேன். பாதி என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே. குழாயில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று சேர்த்துக்கொண்டாலும் அரை மணி நேரம். இலை மூடி, கிழங்கு பெருக்கிற நாட்களில் ஒரு மணி பத்து நிமிடம். கடைசியில் இலை மஞ்சள் காட்டத் தொடங்கும்போது முக்கால் மணி. வானம் மூடியிருந்தால் இதிலும் குறையும்.

அட்டவணைப்படி நீ இப்போது விடுவது தேவைப்படுவதைப் போல நாலு மடங்கு. விதைக்கிழங்கு மண்ணுக்குள் வரும்போதே கட்டுச்சோறு கொண்டுதான் வருகிறது, முதல் மூன்று வாரம் அதற்கு ஈரப்பதம் இருந்தால் போதும். நனைத்து வைத்தால் வெட்டிய விதைக்கிழங்கு உள்ளேயே அழுகும். உன் தோட்டத்தில் அங்கங்கே முளைக்காத இடம் இருக்கிறது என்றாயே, அங்கே தோண்டிப் பார்த்து எழுது.

கரண்டு இலவசம் என்பதால் நம் ஊரில் மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனசு வருவதில்லை. வாய்க்கால் பாசனத்தில் தண்ணீர் அதிகமானால் வரப்பு தாண்டி அடுத்தவர் வயலுக்குப் போகும், அவர் வந்து சத்தம் போடுவார், நாமும் மடையை அடைப்போம். சொட்டுநீரில் அந்தச் சண்டையே கிடையாது. மேலே பார்த்தால் பாத்தி நடுவில் ஈரக்கோடு மட்டும் தெரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். அதிகப்படித் தண்ணீர் நேராகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதோடு யூரியாவும் இறங்கும். எனக்குக் கவலை தண்ணீரைப் பற்றிக்கூட இல்லை, அந்த யூரியாவைப் பற்றித்தான்.

உருளையின் வேர் ஆழமானது அல்ல. பெரும்பகுதி மேல் ஓரடிக்குள்தான் இருக்கும். யூரியா தண்ணீரோடு சுலபமாக நகரும். அது மண்ணில் நைட்ரேட்டாக மாறிய பிறகும் தண்ணீர் போகிற இடத்துக்குப் போகும். உன்னுடையது சிவப்பு மணல்சாரி மண். இரண்டு மணி நேரம் ஓட்டினால் தண்ணீர் இரண்டடிக்குக் கீழே போய் நிற்கும், உரமும் அங்கேதான் நிற்கும். செடி மேலே வெளிறி நிற்கும். பார்க்கிறவர்கள் உரம் பத்தவில்லை, இன்னும் போடு என்பார்கள். உரத்துக்கு அட்டவணை போடுவதற்கு முன்னால் தண்ணீருக்குப் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நான் சொன்ன நிமிடங்களையும் அப்படியே நம்பாதே. டிரிப்பரில் 2 லிட்டர் என்று அச்சடித்திருக்கும், வருவது வேறாக இருக்கும். அளவு போட்ட டம்ளரை டிரிப்பருக்கு அடியில் ஆறு நிமிடம் வை. 200 மில்லி வந்தால் சரி. மோட்டாருக்குப் பக்கத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று, லேட்டரல் கடைசியில் ஒன்று என்று பார். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது அடைப்பு. உன் போர் மணிக்கு 16,800 லிட்டர் தருமா என்பதே எனக்குச் சந்தேகம். தராவிட்டால் ஏக்கரை இரண்டாகப் பிரித்து கேட் வால்வு போட்டு, ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கடைசிப் பாத்தியில் சொட்டுவது போலத் தெரியும், போய்ச் சேராது.

அப்புறம் ஒரு நாள் மோட்டார் நின்று ஒரு மணி நேரம் கழித்து, பாத்தியைக் குறுக்கே மண்வெட்டியால் வெட்டிப் பார். ஈரம் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். மணல்சாரி மண்ணில் ஈரம் பக்கவாட்டில் அதிகம் பரவாது. இரண்டு வரிசைச் செடிக்கும் நடுவில் இருக்கும் குழாயிலிருந்து ஈரம் வேருக்கு எட்டவில்லையென்றால் நேரத்தைக் கூட்டாதே, கூட்டினால் ஆழம்தான் கூடும். வரிசைகளைக் குழாய்க்கு இன்னும் நெருக்கி வைத்திருக்க வேண்டும். அது அடுத்த போகத்துக்குத்தான் முடியும். இந்தப் போகத்துக்கு ஒரு நாள் ஓட்டத்தைக் காலை மாலை என்று இரண்டாகப் பிரித்தால் மேல்மண் ஓரளவு ஈரமாகவே இருக்கும். மும்முனை மின்சாரம் வரும் நேரம் இதற்கு ஒத்துவர வேண்டும், அது உன் கையில் இல்லை.

மண் ஈரம் காட்டும் டென்சியோமீட்டர் இரண்டு வாங்கு. விலை கேட்டு அண்ணன் முகம் சுளிப்பார். விதைக்குப் போன காசோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னதாகச் சொல். ஒன்றைச் செடிக்கும் டிரிப்பருக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் வை, மற்றொன்றை 45-இல். மேலே இருப்பது 20-லிருந்து 25 சென்டிபார் காட்டும்போது தண்ணீர் விடு, 30-ஐத் தாண்ட விடாதே. கீழே இருப்பது எப்போதும் ஈரம் காட்டிக்கொண்டே இருந்தால் நீ அதிகமாக ஊற்றுகிறாய். கருவி வருகிற வரைக்கும் கையை வைத்துப் பார்: ஒரு சாண் ஆழத்து மண்ணைப் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக் கூடாது. சில பயிர்கள் கொஞ்சம் காய்ச்சலைத் தாங்கும். உருளை தாங்காது. மண்ணில் செடிக்குக் கிடைக்கும் ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தாலே அது வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும்.

இனி வரும் நாட்கள்தான் முக்கியம். முளைத்து இரண்டு மூன்று வாரத்தில் மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொடி போல் தண்டு ஓடும். அதன் நுனி வளைந்து, தண்டின் கனத்தைப் போல இரண்டு மடங்கு உப்பினால் கிழங்கு பிடித்துவிட்டது என்று அர்த்தம். தேதி பார்க்காதே, ஓரச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பார். அந்த நாளிலிருந்து நாலு முதல் ஆறு வாரம் மேல்மண் காயவே கூடாது. காய்ந்தால் கிழங்கு எண்ணிக்கை குறையும், தோலில் சொறி விழும். சொறிக்கு மருந்தடித்துப் பயனில்லை, அந்த வாரங்களில் ஈரம் காப்பதுதான் வழி.

அதற்குப் பிறகு கிழங்கு பெருக்கிற காலம். இங்கே கெடுப்பது ஏற்ற இறக்கம். நாலு நாள் காய்ந்து ஐந்தாவது நாள் நனைத்தால் நின்ற கிழங்கு மறுபடி வளரத் தொடங்கி, பக்கத்தில் முண்டு முண்டாகத் தள்ளும், சில வெடிக்கும், பெரிய கிழங்கில் நடுவில் பொந்து விழும். மேட்டுப்பாளையம் மண்டியில் அதைத் தனியாகத் தள்ளிவிடுவார்கள். டிரான்ஸ்பார்மர் போய் நாலு நாள் தண்ணீர் நின்றுவிட்டால், விட்டதையெல்லாம் ஒரே நாளில் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதே. வழக்கமான அளவில் தொடங்கி, காலை மாலையாக இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்று. அளவுக்கு மீறி ஊற்றினால் அதற்கும் அடையாளம் உண்டு: கிழங்குத் தோலில் வெள்ளைப் புள்ளிகள் பொரிப்பொரியாக எழும். அது மூச்சுவிடும் துளை, வழியைப் பெரிதாக்கிக்கொள்கிறது. அதன் வழியாகத்தான் அழுகலும் உள்ளே போகும்.

மழையையும் கணக்கில் எடு. கார்த்திகை மழை பத்து மில்லிமீட்டர் பெய்தால் உனக்கு இரண்டு நாளுக்காவது மோட்டார் தேவையில்லை. அட்டவணையில் மழைக்கு இடமே இல்லை, பார்த்தாயா?

உரத்துக்கு வருகிறேன். அண்ணன் என்னிடம் பேசும்போது ஊட்டிக் கணக்கைச் சொன்னார். எக்டருக்கு தழை 120, மணி 240, சாம்பல் 120 கிலோ. பல்கலைக்கழகம் மலைப்பகுதிக்குச் சொன்னது, தவறில்லை. ஆனால் மணிச்சத்து ஏன் இரண்டு மடங்கு? எங்கள் நீலகிரி மண் கடும் அமில மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் போடுகிற பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சுவது கொஞ்சம். உன் மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலை 7.1 என்று இருக்கிறது, பாஸ்பரஸும் நடுத்தரம். நடும்போது நீ போட்ட மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் ஆறு டன் தொழு உரமும் அதற்குப் போதும். வேண்டுமானால் கிழங்கு பிடிக்கும் சமயத்தில் 12:61:0 கொஞ்சம் விடலாம். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அடுத்த போகத்துக்கு ஊட்டியிலிருந்து விதை வாங்கித் தா என்று கேட்காதே. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்த முட்டைக்கூடு நூற்புழு இன்னும் இங்கே மண்ணில் இருக்கிறது. விதையில் ஒட்டிய மண்ணோடு வந்து உன் நிலத்தில் குடியேறினால் பல வருஷம் போகாது.

ஆல் 19 எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மூன்று சத்தும் சமமாக வேண்டிய பயிர் அல்ல இது. தழைச்சத்தை எடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு சாம்பல் சத்தை உருளை எடுக்கும். மணிச்சத்து இரண்டையும்விட மிகக் குறைவு. விலை கூடிய உரத்தை வாங்கி, ஏற்கெனவே மண்ணில் இருப்பதையே மறுபடி ஊற்றுகிறாய்.

என் கணக்கு இது, ஏக்கருக்கு. தழைச்சத்து 48 கிலோ, அதாவது யூரியாவில் நூற்று நாலு கிலோ. மூன்றாவது, நாலாவது வாரம் வாரத்துக்கு 9 கிலோ யூரியா. ஐந்திலிருந்து எட்டாவது வாரம் வரை 17 கிலோ. ஒன்பது, பத்தில் மறுபடி 9. அத்தோடு நிறுத்திவிடு. தொடக்கத்தில் அதிகம் கொடுத்தால் செடி இலை விட்டுக்கொண்டே இருக்கும், கிழங்கு பிடிக்கத் தாமதிக்கும். பார்ப்பவர்கள் தோட்டம் அருமை என்பார்கள். கடைசியில் அதிகம் கொடுத்தால் கிழங்கு முதிராது, தோல் உரியும், நீர்த்துப்போகும். சாம்பல் சத்து 60 கிலோ. பொட்டாசியம் சல்பேட் என்றால் 120 கிலோ. மூன்றாவது, நாலாவது வாரம் வாரத்துக்கு 8 கிலோ, ஐந்திலிருந்து பத்தாவது வாரம் வரை 16, பதினொன்றில் 8. சமையலுக்குப் போகிற கிழங்குதானே, செலவு தாங்காவிட்டால் வெள்ளை மூரியேட் பொட்டாஷும் பாதி கலந்துகொள்ளலாம், அதில் சத்து 60 விழுக்காடு. சிவப்பு மூரியேட் வேண்டாம், அதிலுள்ள இரும்புத் தூள் வடிகட்டியை அடைக்கும். உன் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மூரியேட்டைத் தொடவே தொடாதே. உருளை உப்பை ஓரளவுக்கு மேல் பொறுக்காது. கோபிசெட்டிபாளையம் வேளாண் அறிவியல் நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பார்த்துவிடு.

வாரத்து அளவை இரண்டாகப் பிரித்து விடு. கரைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யூரியா கரையும்போது தண்ணீர் ஜில்லென்று ஆகும். ஜில்லென்ற தண்ணீரில் பொட்டாஷ் சீக்கிரம் கரையாது. அதனால் முதலில் பொட்டாஷ், அது முழுக்கக் கரைந்த பிறகு யூரியா. பொட்டாசியம் சல்பேட் எட்டு கிலோவுக்கு நூறு லிட்டர் தண்ணீராவது வேண்டும். தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து எடு. கால்சியம் நைட்ரேட் விட நினைத்தால் அதைத் தனி நாளில் விடு. சல்பேட்டோடு கலந்தால் ஜிப்சமாகவும், 12:61:0 உடன் கலந்தால் சுண்ணாம்புப் பாஸ்பேட்டாகவும் படிந்து டிரிப்பரை அடைக்கும், பிறகு ஆசிட் விட்டுக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும்.

உரக் கரைசலை இழுக்கும் வெஞ்சுரியைத் திறக்கும் நேரமும் முக்கியம். ஓட்டம் ஒரு மணி நேரம் என்றால் முதல் இருபது நிமிடம் வெறும் தண்ணீர், அடுத்த இருபது நிமிடம் உரம், கடைசி இருபது மறுபடி வெறும் தண்ணீர், குழாயைக் கழுவ. ஆரம்பத்திலேயே உரத்தை விட்டால் பின்னால் வரும் தண்ணீர் அதை வேருக்குக் கீழே தள்ளிவிடும். மழை வரும் போல இருந்தால் அன்றைக்கு உரம் வேண்டாம்.

மண் அணைப்பதுதான் சொட்டுநீர் உருளையில் தலைவலி. லேட்டரலைச் சுருட்டி எடுத்து, மண் அணைத்து, மறுபடி விரிக்க வேண்டும். ஆளுக்குக் கூலி கொடுத்தாலும் செய். இல்லாவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சை ஏறும், அதை யாரும் வாங்க மாட்டார்கள். மறுபடி விரிக்கும்போது குழாயை இழுத்து விறைப்பாகக் கட்டாதே, வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும். எண்டு கேப்பை வாரம் ஒரு தடவை திறந்துவிட்டு ஓட்டு. எலியும் அணிலும் கடித்த இடங்களை அன்றன்றைக்கே ஒட்டு. யானை வந்து மிதித்தால் அதற்கு என்னிடம் கணக்கு கிடையாது. நீங்கள் ராத்திரி காவலுக்குப் போவதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. தனியாகப் போகாதே, பட்டாசை நம்பாதே.

சொட்டுநீரில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. இலை நனையாது. ஸ்பிரிங்ளர் போட்டவர்கள் தோட்டத்தில் பின் கருகல் தொற்றினால் ஒரு வாரத்தில் தோட்டம் கருகிப் போகும். உனக்குப் பனியும் மழையும் மட்டும்தான் எதிரி. பனி அதிகம் விழும் வாரங்களில் இலையின் அடிப்புறத்தில் வெள்ளைப் பூசணம் தெரிகிறதா என்று காலையில் பார்.

இலை பாதிக்கு மேல் மஞ்சளானதும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து, செடியை அறுப்பதற்குப் பத்து நாள் முன்பு நிறுத்து. அறுத்த பிறகு பத்துப் பதினைந்து நாள் கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் தோல் நகராமல் இருந்தால் தோண்டலாம். மண் இறுகிக் கட்டியாக இருந்தால் தோண்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் இருபது நிமிடம் மட்டும் ஓட்டு, கட்டி பட்டுக் கிழங்கு சிராய்க்காது. விலை ஏறும் என்று காத்திருப்பதானால் மண்ணிலேயே விட்டுக் காத்திருக்காதே. தண்ணீர் நின்ற பிறகு மண் சூடேறும், அழுகல் அங்கே தொடங்கும்.

டம்ளர் கணக்கைப் போட்டு மூன்று இடத்து அளவையும் எனக்கு அனுப்பு. அதுவரை தினமும் அரை மணி நேரம், மழை பெய்தால் அதுவும் இல்லை. ஆல் 19 மூட்டை இன்னும் பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு பொட்டாசியம் சல்பேட்டாக மாற்றிக்கொள். பிரித்துவிட்டாய் என்றால் மூன்றாவது நாலாவது வாரத்தில் யூரியாவைக் குறைத்து அதைத் தீர்த்துவிடு, வீணாக்க வேண்டாம். அண்ணியிடம் போன தடவை கேட்ட ராகி அரைப் படி மறக்காமல் அனுப்பச் சொல்.

அன்புடன்,
அத்தை